மருந்து அலமாரியில் ஒயின் பாட்டில்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், உன் தங்கச்சி சௌக்கியம், கடையும் சௌக்கியம்தான், பழைய சலவை இயந்திரம் மட்டும் அவ்வப்போது முனகுகிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் ஆரம்பிக்கிறேன், அப்படி இல்லையென்றால் இதைப் படித்த நிமிஷத்திலிருந்தாவது இரு. போனில் சொன்னால் போதாதா, எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா சரிம்மா" என்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். இது பாதியில் விடுகிற சங்கதி இல்லை. நீ அனுப்பிய பாட்டிலைப் பற்றியது.

என் பிறந்தநாளுக்கு நேரில் வருகிறேன் என்றாய். லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னபோது, வேலைதான் முக்கியம் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அப்பா மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார், அது ஒரு குற்றம். பிறகு ஒருநாள் கடை விலாசத்துக்கே உன் பார்சல் வந்தது. ஆசையாகப் பிரித்தேன், உள்ளே ஒயின் பாட்டில். உள்ளதைச் சொல்கிறேன், என் முகம் சுருங்கிவிட்டது. ஒயின் என்றால் எனக்கு என்ன தெரியும்? மேஜை விரிப்பில் கொட்டியது தெரியும், வெள்ளைச் சட்டையின் மார்பில் வழிந்தது தெரியும். ஓட்டல்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிற விரிப்புகளில் அந்தக் கறையோடு மல்லுக்கட்டித்தானே உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தேன். அதையே வாங்கி எனக்குப் பரிசாக அனுப்புகிறானே, தன் அம்மா யார் என்பதே இவனுக்கு மறந்துபோய்விட்டதா என்று ஆதங்கப்பட்டேன். தூரமாய்ப் போன பிள்ளைக்கு நான் வெறும் விலாசமாகிவிட்டேனோ என்று பயந்துவிட்டேன். கரும்பச்சைக் கண்ணாடி, உள்ளே இருப்பது என்ன நிறம் என்றுகூடப் பார்க்கவில்லை. கறை எடுக்கிற மருந்துகள் வைத்திருக்கும் அலமாரியில் ஒரு மூலையில் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த வாரம் நீ கூப்பிட்டபோது நான் உர்ரென்று பேசியது அதனால்தான்.

இப்போது நம் இஸ்திரி மாமா செய்த கூத்தைக் கேள். பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டில் ஏதோ ஒரு கறை, நாங்கள் மாறி மாறி எடுத்துப் பார்த்தும் அசைய மாட்டேன் என்றது. நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், மாமா மருந்து அலமாரியைக் குடைந்திருக்கிறார். புரியாத எழுத்தில் லேபிள் ஒட்டிய புது பாட்டில் கண்ணில் பட்டிருக்கிறது. அந்த மனுஷன் குடிக்கிற ஆளும் இல்லை, ஒயின் பாட்டிலைக் கையால் தொட்டதும் இல்லை. அக்கா ஏதோ வெளிநாட்டு மருந்து வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள், இந்தக் கறையை எடுத்துக் காட்டி அசத்திவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார். மருந்துக்கு எதற்குத் தக்கை என்று ஒரு சந்தேகம் வந்ததாம், ஆவியாகிப் போகாமல் இருக்கத்தான் இருக்கும் என்று அவரே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டாராம். தக்கையில் ஒரு திருகாணியை முறுக்கி, குறடால் பிடித்து இழுத்துத் திறந்து, பஞ்சில் நனைத்துக் கோட்டின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்து, காயவிட்டு, மேலே இஸ்திரியும் போட்டுவிட்டார். நான் உள்ளே நுழைந்ததும், "அக்கா, இந்த மருந்து வேணாம், திருப்பிக் கொடுத்துடுங்க. பழைய கறை போகல, பக்கத்துல புதுசா ஒண்ணு வந்து உக்காந்திருக்கு. ஆனா வாசனை மட்டும் சும்மா சொல்லக் கூடாது" என்றார். நான் பாட்டிலைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். விஷயம் தெரிந்ததும் அவர், "ஐயையோ, பெரிய தம்பி அனுப்பினதா" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவரைத் தேற்றுவதற்கே எனக்கு ஒரு டீ செலவாயிற்று.

திறந்த பாட்டிலை என்ன செய்வது? சாயந்தரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இஸ்திரி மேஜை மேல் டீ கிளாஸ்களை வரிசையாக வைத்து, அப்பாவும் நானும் மாமாவும் உட்கார்ந்தோம். ஆபீஸ் முடிந்து உன் தங்கச்சியும் வந்து சேர்ந்தாள். நடந்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "போயும் போயும் மருந்து அலமாரியிலயா வச்சீங்க? இந்த ஒரு பாட்டிலுக்கு அண்ணன் என்ன பாடு பட்டான் தெரியுமா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நீ ஒயின் கடையில் நின்றபடியே அவளை வீடியோவில் கூப்பிட்டு, ஒவ்வொரு பாட்டிலாகக் காட்டியதை அப்போதுதான் சொன்னாள். கடைக்காரர் முதலில் சிவப்பு ஒயினை எடுத்து வைத்தாராம். நீ, "எங்கம்மா சலவைக் கடை வச்சிருக்காங்க, சிவப்பா எது சிந்தினாலும் அவங்களுக்கு அது வேலை. குடிக்கும்போதாவது வேலை ஞாபகம் வரக் கூடாது, வெள்ளையா கொடுங்க" என்றாயாம். அடுத்ததற்கு, "அம்மா டீக்கே சர்க்கரை போட மாட்டாங்க, இனிப்பு வேணாம்" என்றாயாம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வாசனை பலமா இருக்கணும். அம்மாவுக்கு மூக்கு சரியா வேலை செய்யாது, மருந்து நெடியிலயே இருந்து இருந்து மழுங்கிப் போச்சு. அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க" என்றாயாம்.

அது யாருக்கும் தெரியாது என்றுதானே நினைத்திருந்தேன்? கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை, சலவைக்காரிக்கு மூக்கு போய்விட்டது என்று தெரிந்தால் கடைக்கு எவன் வருவான் என்ற பயம். நீ ஸ்கூல் விட்டு வந்ததும் துவைத்த கோட்டை உன் முகத்துக்கு நேரே நீட்டி, மருந்து நெடி போய்விட்டதா பார் என்று விளையாட்டு மாதிரி கேட்பேன். பால் திரிந்துவிட்டதா என்றும் உன்னிடம்தான் கேட்பேன். நீயும் மோந்து பார்த்துச் சொல்லிவிட்டு ஓடிவிடுவாய், ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலேயே தெரிந்து வைத்திருந்திருக்கிறாய். அப்பா என்னையே பார்த்துவிட்டு, "அதான் அன்னிக்குப் பால் தீஞ்சு தெருவே நாறியும் நீ பாட்டுக்கு டீவி பாத்துட்டு இருந்தியா" என்றார். அவருக்கும் ஒரு புதிர் விடுபட்டது.

கிளாஸைக் கையில் பிடித்து மோந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்து மறுபடி மோந்தேன். எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசனை வந்தது. எனக்கு வந்ததடா. குடிக்கவே மனசில்லாமல் கிளாஸை மூக்கடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், பயப்படுகிறேன் என்று நினைத்து அப்பா எனக்குத் தைரியம் சொன்னார். ருசி எப்படி என்றால் புளிப்புதான், பொய் சொல்ல மாட்டேன். அப்பா முகத்தைச் சுளித்துச் சுளித்தே இரண்டாவது கிளாஸும் வாங்கிக்கொண்டார். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லிப் பழக்கமும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், ரொம்ப நன்றிப்பா. நீ இவ்வளவு தூரத்தில் இருந்தும் நான் உனக்கு அதே அம்மாவாகத்தான் இருக்கிறேன், அது போதும் எனக்கு.

ஒரே ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட்டாய், தொழில்காரி என்பதால் சொல்கிறேன். வெள்ளை ஒயின் கறையாகாது என்று நினைத்தாய் பார், அதுதான் சரியான கள்ளன். சிவப்பு சிந்தினால் உடனே தெரியும், உடனே எடுத்துவிடலாம். இது காய்ந்தால் ஒன்றும் தெரியாது, இஸ்திரிச் சூடு பட்டதும்தான் வெளியே வரும். டாக்டர் கோட்டில் வந்தது அதுதான், மறுநாள் இரண்டு கறையையும் ஒருவழியாக எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதே காலையில் மாமா இஸ்திரி மேஜை விரிப்பில் பெட்டியை ஓட்டினால், நான் உட்கார்ந்திருந்த பக்கம் சட்டைப் பொத்தான் அளவுக்கு டீ நிறத்தில் ஒரு பொட்டு. என் கிளாஸிலிருந்து எப்போது சிந்தியதோ தெரியவில்லை. "விரிப்பைக் கொடுங்க, அலசிடலாம்" என்று அவர் இழுத்தார், நான் விடவில்லை.

மூக்கு டாக்டரிடம் உன் தங்கச்சி என்னைக் கூட்டிப் போகிறாள், கவலைப்படாதே. நீ கறுப்புத் துணியையும் வெள்ளைத் துணியையும் ஒன்றாகப் போட்டுத் துவைக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. லீவு கிடைத்ததும் வா, வரும்போது தக்கை திறக்கிற சாமான் ஒன்று மறக்காமல் கொண்டு வா, மாமாவின் குறடு வேலையை இனி நம்ப முடியாது. அந்தப் பொட்டு அப்படியே இருக்கிறது. எத்தனையோ பேர் வீட்டுக் கறையை எடுத்துவிட்டேன், இது என்னுடையது, நீ வந்து பார்க்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் உன் மூக்கை நம்பியிருக்கும்
அம்மா