என் வாயால் பேசிய மதினிக்கு

கையாலேயே ஊரை மேய்த்த என் அருமை மதினிக்கு,

நீங்கள் போன பிறகு வீட்டில் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. அண்ணன் மில்லில் ஷிப்டு முடிந்து வந்ததும் அடுப்படி வாசலில் நின்று லைட்டை அணைத்து அணைத்துப் போடுகிறான். காது கேட்காத உங்களைக் கூப்பிட அவனுக்கிருந்த ஒரே வழி அதுதானே? உள்ளே நிற்பது நான், எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று தெரிந்தும் அவன் கை சுவிட்சுக்குப் போய்விடுகிறது. நானும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சோற்றை எடுத்து வைக்கிறேன்.

உங்கள் கைப்பேச்சை நான் பாசத்தால் கற்றுக்கொண்டேன் என்று ஊரில் சொல்கிறார்கள். உங்களுக்கு உண்மை தெரியும். கல்யாணமான புதிதில் நீங்களும் அண்ணனும் என் கண் முன்னாலேயே கையால் ஏதோ பேசிச் சிரிப்பீர்கள். வாயாடி என்று பெயரெடுத்த எனக்கு அது என்னவென்று தெரியாமல் தலையே வெடித்துவிடும். வீம்புக்குத்தான் கற்றேன். கற்ற பிறகு பார்த்தால், நீங்கள் இரண்டு பேரும் சிரித்தது பெரும்பாலும் என்னைப் பற்றித்தான்.

பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் நீங்கள் வேலை பார்த்ததை ஒருநாள் வந்து பார்த்தேன். தறி ஓடுகிற சத்தத்தில் மற்றவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். நீங்களோ கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தவளிடம் இந்தக் கோடியிலிருந்தே கையால் வீட்டுக்கதை பேசிக்கொண்டிருந்தீர்கள். அங்கே வேலை பார்த்த ஒருத்தியின் வீட்டுக்காரர் தளவாய்புரத்தில் வாத்தியார். காது கேட்காதவர்களிடம் எப்படிப் பழகுவது என்று தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பேச அவர்தான் முதன்முதலில் உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் யோசிக்கவே இல்லை. கை உங்களுடையது, வாய் என்னுடையது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மேடையில் நீங்கள் "நான்" என்று காட்டினால் என் வாயும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அவங்க என்ன சொல்றாங்கன்னா" என்று இழுத்தால் எல்லார் முன்னாலும் கிள்ளுவீர்கள். அதனால் வந்த வினையைக் கேட்டால் சிரிப்பீர்கள். இன்றைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிற பாதிப்பேர் எனக்குக் காது கேட்காது என்றே நினைக்கிறார்கள். "ரெண்டு பக்கமும் எடுக்கணும்" என்று தெரு அதிரக் கத்தி, கையைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். தேவதானத்தில் ஒரு தலைமையாசிரியர் பொன்னாடையை எனக்குப் போர்த்திவிட்டு, "கேக்காட்டியும் எம்புட்டுத் தெளிவாப் பேசுறாங்க" என்று மைக்கில் வியந்தாரே, அன்றைக்கு நீங்கள் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை சிரித்தீர்கள்.

ஆனால் உங்களை நினைத்து நான் அசந்துபோவது வேறு ஒன்றுக்கு. பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது உங்களை, காதால் கேட்பது என்னை. கொஞ்ச நேரத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிவிடும். உடனே மேடைப் பலகை அதிர ஒரு மிதி மிதிப்பீர்கள். அத்தனை தலையும் உங்களிடம் திரும்பும். அதற்குப் பிறகு ஒரு பிள்ளை கண்ணைச் சிமிட்டாது. பின்னாலிருந்து தட்டாதீர்கள், முன்னால் வந்து நில்லுங்கள். கத்தாதீர்கள், முகத்தைக் காட்டிப் பேசுங்கள். ஐயோ பாவம் என்று சொல்லாதீர்கள், சொன்னால் உதடு அசைவதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். இவ்வளவுதான் நீங்கள் சொன்னது. அதற்கு எப்படி மதினி ஐந்நூறு பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்?

ஒரு பையன் கேட்டான், உங்கள் கனவில் சத்தம் கேட்குமா என்று. நீங்கள் கையை அசைத்தீர்கள். நான் அதைச் சொன்னேன்: "என் கனவுல எல்லாரும் கையாலதான் பேசுவாங்க. என் மாமியாரும் பேசுவாங்க." உங்கள் மாமியார் என் அம்மா. சாகும்வரை உங்களிடம் ஒரு சொல்கூடக் கையால் பேசக் கற்றுக்கொள்ளாதவள். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள்.

சரி, சேதிக்கு வருகிறேன். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். தேவதானத்தில் இருந்தபோது நம் பேச்சைக் கேட்டவராம், இப்போது அங்கே பெண்கள் பள்ளிக்கு மாறியிருக்கிறார். நீங்கள் இல்லை என்று சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார். பிறகு, "பேசுறது நீங்கதான மேடம்? அவங்க சொன்னதையே வந்து சொல்லிருங்க" என்றார். அவர்கள் ஒன்பதாம் வகுப்பில் காது கேட்காத பிள்ளை ஒன்று இருக்கிறதாம். "தங்கமான பிள்ளை, அவளால ஒரு தொந்தரவும் கிடையாது" என்றார். தொந்தரவே கொடுக்காத பிள்ளை என்றால், அதோடு யாரும் பேசுவதில்லை என்று உங்களுக்கு எப்படிக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியாதா?

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "அவளே இல்ல. அவ பேச்ச நீ பேசுனா அது அவ பேச்சா?" என்று கேட்டான். உங்கள் வாழ்க்கையை "நான்" என்று சொல்லிக்கொண்டு ஒரு மேடையில் நிற்க எனக்கு என்ன உரிமை? போகாமல் இருந்தால், உங்களோடு இந்தப் பேச்சும் முடிந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் அல்லாடிவிட்டுக் கடைசியில் பஸ் ஏறினேன்.

மேடையில் நின்று மைக்கைப் பிடித்தால், மதினி, ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு வாய் நின்ற முதல் நாள் அதுதான். நீங்கள் பேசியதெல்லாம் எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். அது எப்போதும் உங்கள் கையிலிருந்து என் கண்ணுக்கு வந்து அப்படியே வாய்க்குப் போயிருக்கிறது, எனக்குள் ஒன்றும் தங்கவே இல்லை. பக்கத்தில் பார்த்தேன். நீங்கள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. பிள்ளைகள் முதலில் காத்திருந்தார்கள், பிறகு குசுகுசுத்தார்கள்.

அப்போது நடுவரிசையில் ஒரு கை எழுந்தது. "ஏன் நிக்கிற? என்ன ஆச்சு?" என்று கையால் கேட்டது. அந்தப் பிள்ளைதான், முத்துமாரி. ஐந்தாவது வரை காது கேளாதோர் பள்ளியில் படித்தவள். என் கை தானாக எழுந்து பதில் சொன்னது. என் மதினி செத்துப்போனாள், அவள் இல்லாமல் எனக்குப் பேச வரவில்லை என்றேன். எப்படிச் செத்தாள் என்றாள். நெஞ்சுவலி என்றேன். நல்லவளா என்றாள். திமிர் பிடித்தவள், ஆனால் நல்லவள் என்றேன். அவள் சிரித்தாள், நான் அழுதேன்.

இது எவ்வளவு நேரம் நடந்ததோ. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், அத்தனை பிள்ளைகளும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். "என்னட்டி பேசுறாக?" என்று ஒருத்தி அடுத்தவளை இடிக்கிறாள், அவளுக்கும் தெரியவில்லை. தலைமையாசிரியை அம்மா என் முந்தானையை மெல்ல இழுத்து, அந்தப் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அந்தக் கூடத்திலேயே விஷயம் தெரிந்தவள் அன்றைக்கு முத்துமாரி ஒருத்திதான்.

அவளை மேடைக்குக் கூப்பிட்டேன். நீ பேசு, நான் வாய் தருகிறேன் என்றேன். பயந்தாள். பிறகு கையைத் தூக்கினாள். அவள் சொன்னதை நான் சொன்னேன்:

"நான் இந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாரும் சிரிக்கும்போது சேந்து சிரிப்பேன். எதுக்குன்னு தெரியாது. கேட்டா, பொறவு சொல்றேம்பாங்க. போன வாரம் பிரேயர்ல மொத்தப் பள்ளிக்கூடமும் சிரிச்சுச்சு. அதுக்கும் பொறவு சொல்றேன்னாங்க. அந்தப் பொறவு எப்ப வரும்?"

பிள்ளைகள் ஏன் தலையைக் குனிந்தார்கள், ஏன் திருட்டுத்தனமாகத் தலைமையாசிரியையைப் பார்த்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கார்த்திகா என்று ஒரு பிள்ளை, வகுப்பில் முத்துமாரி பக்கத்தில் உட்காருகிறவள், எழுந்து மேடைக்கு வந்தாள். அவளுக்குக் கைப்பேச்சு தெரியாது. முத்துமாரிக்கு முன்னால் போய், முகத்தைக் காட்டி நின்றாள். நெற்றியில் பெரிய பொட்டு வைப்பதுபோலும் கண்ணாடி மாட்டுவதுபோலும் காட்டி, தலைமையாசிரியை ஆனாள். மைக்கைக் காட்டி, அது அணையவில்லை என்று விரலை ஆட்டினாள். போனைக் காதில் வைத்து, இன்னொரு கையால் குழம்பைக் கிண்டி, அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டி, போனில் இருந்த வீட்டுக்காரரை விரலை நீட்டி ஏசினாள். எனக்கும் அப்போதுதான் விளங்கியது: பிரேயரில் மைக்கை அணைக்க மறந்து, குழம்பை அடிப்பிடிக்க விட்ட வீட்டுக்காரரை அந்த அம்மா போனில் ஏசியது மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் கேட்டிருக்கிறது.

என் வாய்க்கு அங்கே வேலையே இல்லை. முத்துமாரி கண்ணை விரித்தாள், தலைமையாசிரியையைப் பார்த்தாள். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். கூடம் வெடித்தது. முத்துமாரியும் சிரித்தாள், மதினி. அடுத்தவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லாரும் சிரித்த அதே நேரத்தில் அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். "நானும் வாரேன்" என்றான். கார்த்திகாவும் அவள் கூட்டாளிகளும் கைப்பேச்சு கற்றுத்தரச் சொல்லியிருக்கிறார்கள். இனி சனிக்கிழமைகளில் நானும் அண்ணனும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவோம். உங்கள் பேச்சை நான் இனிப் பேச மாட்டேன், அது உங்களோடு இருக்கட்டும். பேச வேண்டிய பிள்ளைகள் இருக்கிற மேடைக்கெல்லாம் வாயை எடுத்துக்கொண்டு போவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
மூக்கைத் தொட்டு, அதையே என் பெயராக்கி நீங்கள் கூப்பிட்டால் மட்டும் ஒழுங்காக வந்து நின்ற உங்கள் நாத்தனார்,
பேச்சியம்மாள்