தொடர்கதையின் பின்பக்கம்

பரமத்தி வேலூர்,
12-1-1959

அன்புள்ள ஜெபமலருக்கு வசந்தாமணி எழுதுவது. இங்கே அம்மா, அண்ணன், புதுக் கன்றுக்குட்டி எல்லோரும் சுகம். சேலத்தில் நீயும் உன் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆடியில் ஒரு கடிதமும் தீபாவளிக்கு ஒன்றும் போட்டேன். பதில் போட முடியாமல் உனக்குப் பரீட்சை நேரமாக இருந்திருக்கும்.

நீங்கள் ஊர் மாறியபோது உன் அம்மா கொடுத்துவிட்டுப் போன பழைய வார இதழ்களைப் படித்து முடித்துவிட்டேன். ராஜா ராணித் தொடர்கதையை மட்டும் கிழித்துத் தைத்து எடுத்துக்கொண்டார்கள் அல்லவா? மிச்சத்தில் நம் துப்பறியும் கதைக்காரரின் குட்டிக் கதைகள் இருந்தன. அவருடைய பெரிய நாவல்களுக்கு நம் வகுப்பில் எத்தனை சண்டை நடக்கும். இவற்றைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு இவைதான் பிடித்திருக்கின்றன. துப்பாக்கி இல்லை, கார் இல்லை. ஒரு வீடு, நாலு பேர், அதில் ஒருவர் பொய் சொல்கிறார்.

ஆனால் எந்தக் கதைக்கும் முடிவு இல்லை. முடிவு அச்சான தாளின் மறுபக்கத்தில் தொடர்கதை இருந்திருக்கிறது. அதனால் எல்லா முடிவுகளும் உன் வீட்டு பைண்டு புத்தகத்தில் இருக்கின்றன.

வெற்றிலை அடுக்கும்போது நானே முடிவுகளை யோசித்துக்கொள்கிறேன். மார்கழி பிறந்ததும் எங்கள் கருப்புக் கோழியைக் காணவில்லை. அண்ணன், வேலையாட்கள் முன்னால், "நம்மூட்டுத் துப்பறியற அம்மிணியக் கேளுங்க, புஸ்தகத்தப் பாத்துச் சொல்லிப்போடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அது வாழைச்சருகுக்குள் அடைகாப்பது எனக்குத் தெரியும். வெட்கத்தில் சொல்லவில்லை. குஞ்சுகளோடு வந்து நின்ற அன்றும் சொல்லவில்லை.

ஒரு கதைக்கு மட்டும் எனக்கு முடிவு வரவில்லை. பெரிய வீட்டில் ஒரு பெண் காணாமல் போகிறாள். அவளைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று துப்பறிபவர் கேட்கிறார். சமையல்காரி, "இங்கேதானே இருந்தாள்" என்கிறாள். சித்தப்பாவும் அதையே சொல்கிறார். அவள் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்றுகூட ஒருவருக்கும் தெரியவில்லை. துப்பறிபவர் மாடிப்படியில் கால் வைக்கிறார். அடுத்த பக்கம் இல்லை.

தை பிறந்ததும் மல்லசமுத்திரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். "பையன் அதிகம் பேசமாட்டானாமா, நீயும் பேசமாட்ட, சரியாப் போச்சு சாமி" என்கிறார் அம்மா. பிடித்துவிட்டால் மாசியிலேயே முடித்துவிடுவார்களாம்.

நான் பெரியவளானதும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்களே, அப்போது ஏன் வரவில்லை என்று வீடு வரைக்கும் வந்து கேட்டவள் நீ ஒருத்திதான். அதனால் உன்னிடம் கேட்கிறேன். குற்றவாளி யார் என்று எழுத நேரம் இல்லாவிட்டால் பரவாயில்லை. அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார்களா என்று மட்டும் ஒரு கார்டில் எழுது. நான் இந்த விலாசத்தில் இருக்கும்போதே எழுது, ஜெபமலர்.

உங்கள் மாதா உன்னை நன்றாக வைத்திருக்கட்டும்.

உன் பிரியமுள்ள,
வசந்தாமணி