தனி அறையில் எழுதிய தேர்வு

பிப்ரவரி 3, செவ்வாய்
நாற்பத்தோராம் பக்கத்தை நான்கு முறை படித்தேன். பத்தியின் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி போய்விடுகிறது. வேதியியலில் போன முறையே தவறிவிட்டேன். இந்த முறையும் போனால் ஒரு வருடம் வீண். இது மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்
ஆய்வகத்தில், குடுவையில் அமிலம் ஊற்றினேனா இல்லையா என்று நினைவில்லை. மறுபடி ஊற்றினேன். இரண்டு மணி நேர வேலை பாழ். என்னோடு சேர்ந்து செய்பவள் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "உன்மேல கோவம் இல்ல. ஆனா உன்கூட செஞ்சா நானும் ஃபெயில் ஆயிடுவேன்" என்றாள். வேறு மேசை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 6
வருகைப் பதிவின்போது தவிர, இன்று யாரும் என் பெயரைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 12
மறதிக்காக மூன்று வாரமாக நான் போய்ப் பார்த்துவரும் மருத்துவர் இன்று சில எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். நேராக ஐந்து வந்தது. தலைகீழாக மூன்றைத் தாண்டவில்லை. ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைபாடு என்றார். "உங்களுக்குப் புரியாம இல்ல. ஒண்ண மனசுல வெச்சுக்கிட்டே இன்னொண்ணு செய்யறதுதான் கஷ்டம். மனசுல வைக்காதீங்க, தாள்ல வைங்க."
அப்போ இத்தனை வருஷமா சோம்பேறின்னு பேர் வாங்கினேனே, அது?

பிப்ரவரி 13
அண்ணனுக்கு போன் செய்தேன். "அதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றது. போனைத் தூக்கிப் பெட்டியில வை, தானா சரியாயிடும்" என்றான். சரிண்ணா என்றேன். அம்மாவிடம் சொல்லாதே என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அதை மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 22
சத்தமாகப் படித்தால் கொஞ்சம் நிற்கிறது. நூலகத்தில் முடியாது. விடுதியில் துணி துவைக்கும் அறையில் நடந்துகொண்டே படிக்கிறேன், ஒவ்வொரு படியையும் சொல்லிச் சொல்லி எழுதுகிறேன். இன்று முழுக்க நான் பேசியது அந்த வாஷிங் மெஷின்களோடுதான்.

மார்ச் 4
தேர்வில் கூடுதல் நேரம் கேட்க ஒரு படிவம் உண்டு. இரண்டைத் தொலைத்தேன். இன்று கடைசி நாள். மூன்றாவது கேட்கப் போனேன். அலுவலகத்து அக்கா பேனாவையும் சேர்த்து நீட்டினார்: "இங்கயே நின்னு எழுதிக் குடுத்துட்டுப் போம்மா."

மார்ச் 19
வேதியியல் தேர்வு. தனி அறையில் நானும் கண்காணிப்பாளரும் மட்டும். மற்றவர்கள் முடித்துவிட்டுப் போகும் சிரிப்பு ஜன்னல் வழியே கேட்டது. எனக்காக அங்கே யாரும் நிற்கப்போவதில்லை. தெரியும். ஆனாலும் எட்டிப் பார்த்தேன். கூடுதல் நேரத்தில்தான் கவனித்தேன் – கேள்வித்தாளின் பின்பக்கத்தை நான் திருப்பவே இல்லை. எழுதினேன்.

மார்ச் 31
ஐம்பத்தாறு. தேறிவிட்டேன்! அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

ஏப்ரல் 9
இயற்பியல் தேர்வு. தனி அறையில் இன்று இன்னொரு நாற்காலி. கணிதத் துறைப் பெண். காலை ஆட்டிக்கொண்டே எழுதினாள். கண்காணிப்பாளர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். முடிந்ததும் வராந்தாவில் கேட்டாள்:
"கடைசிக் கேள்விக்கு என்ன எழுதின?"
"நாம ரெண்டு பேரும் வேற வேற பாடம்."
"அட, ஆமால்ல. மறந்துட்டேன்."
சேர்ந்து சாப்பிடப் போனோம். எதில் ஆரம்பித்த பேச்சு என்பதை இரண்டு பேருமே வழியில் தொலைத்துவிட்டோம். சாப்பிட்டு எழ ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.