வாப்பாவின் வள்ளமும் என் சம்மதமும்

என் உயிரான வாப்பாவுக்கு,

"அந்த வள்ளம் என் கலியாணத்துக்கென்று வைத்திருந்ததல்லவா?" என்று அன்று நான் கேட்கவில்லை.

நீங்கள் எழும்ப முடியாமல் படுத்திருந்தீர்கள். வள்ளத்தை வக்ஃபு செய்யவேண்டும், இனி யாரும் விற்கவோ வாரிசாக எடுக்கவோ முடியாதபடி அல்லாஹ்வுக்காக விடவேண்டும் என்றீர்கள். வள்ளம் இல்லாத ஒருவர் இரண்டு வருடம் அதில் தொழில் செய்யலாம், பிடிபாட்டில் பங்கு கொடுக்கத் தேவையில்லை, பிறகு அடுத்தவர். பிறருடைய வள்ளத்தில் தண்டு வலித்துப் பாதி மீனைக் கொடுத்த காலம் உங்களுக்கு ஆறவேயில்லையா?

பள்ளிவாசல் லெப்பை தயங்கினார். "நோயிலை கிடக்கிறவர் மூண்டிலை ஒண்டுக்கு மேலை குடுக்க ஏலாது, காக்கா. உங்களிட்டை வள்ளத்தை விட்டால் வேறை என்ன கிடக்கு? வாரிசுகள் ஒத்துக்கொள்ளோணும்."

"ஒத்துக்கொள்ளாட்டி விடுவாரோ? போற இடத்துக்கும் அதைக் கட்டி இழுத்துக்கொண்டெல்லோ போவார்!" என்றார் உம்மா. நீங்கள் இருமிக்கொண்டே சிரித்தீர்கள். உங்கள் தம்பியென்பதால் வாரிசான சாச்சாவும் சரியென்றார். நான் தலை குனிந்திருந்தேன்.

"கலியாணத்துக்கு மௌனம் காணும், பிள்ளை. இதுக்கு வாய் திறந்து சொல்லோணும்" என்றார் லெப்பை.

"ஓம்" என்றேன்.

உங்களுக்குத் தெரியாதது இனித்தான். நீங்கள் மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு லெப்பை மறுபடி வந்தார்.

"வாப்பா இருக்கேக்கை சொன்னது கணக்கில்லை, பிள்ளை. அவரின்ரை முகத்துக்காகச் சொல்லியிருப்பீர். இப்ப சொல்லும். ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லும், ஒருத்தரும் குறை நினைக்கமாட்டினம்."

எத்தனையோ வாசித்திருக்கிறேன், இதை எங்கும் கண்டதில்லை. ஏழைக்குக் கொடு என்கிற மார்க்கமே, ஒருவருடைய தருமத்திலிருந்து அவர் பிள்ளையைக் காப்பாற்றவும் நினைத்திருக்கிறதே! கட்டிலருகே அழுதபடி சொன்ன சொல்லை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, பேசாமல் காத்திருக்கிறதே! அந்தக் கணம் வள்ளம் உண்மையாகவே எனக்கும் சொந்தமாயிருந்தது. அதனால்தான் கொடுக்க முடிந்தது. உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா, வாப்பா?

மீண்டும் "ஓம்" என்றேன். வள்ளத்தைச் சீதனமாக எதிர்பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அதன்பிறகு வரவில்லை.

உங்களோடு தண்டு வலித்த குத்தூஸ் காக்காதான் முதலில் எடுத்தார். இரண்டு வருடத்தில் நைலோன் வலையும் சொந்த வள்ளமும் ஆகிவிட்டன. இப்போது உங்கள் வள்ளத்தில் இன்னொருவர் போகிறார். நான் இருக்கும்வரை அதை விற்கவோ அதற்குப் பங்கு கேட்கவோ யாரையும் விடமாட்டேன்.

இந்த நோன்பில் குத்தூஸ் காக்காவுக்கு ஸக்காத்துக் கொடுக்கும் அளவுக்கு வசதி வந்திருந்தது. கொடுப்பதற்கு ஏழை வீடு தேடி, எங்களிடம் வந்தார். உம்மா வாங்கிக்கொண்டார்.

உங்கள் ஒரே மகள்