சம்பந்தி வீட்டுச் சீனிக் கிண்ணம்

ஆடி 12, வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து சாரல் விடவில்லை.

சீனிப் பாகைக் காய்ச்சி, நெய் தடவிய கிண்ணத்தின் முதுகில் ஊற்றி, இறுகியதும் கழற்றினால் கண்ணாடி மாதிரி சீனிக் கிண்ணம். மங்குஸ்தான் சுளையும் மாம்பழத் துண்டும் போட்டுக் கிண்ணத்தோடு கடித்துத் தின்னலாம். நானாக யோசித்துச் செய்தது. பேரன் காதுகுத்துக்குப் பரிமாறினேன். மருமகளின் அம்மா என் வீட்டுப் பந்தியிலேயே உட்கார்ந்து, "நாந்தான் சொல்லிக் குடுத்தேன்லா" என்றாள். நான் அடுத்த இலைக்குப் பரிமாறப் போய்விட்டேன்.

அந்தப் பெருமை அவளைச் சும்மா விடவில்லை. குற்றாலத்தில் அவள் வீட்டு விருந்துக்கு வரும் தாசில்தார் குடும்பம் அதே கிண்ணம்தான் வேண்டும் என்றதாம். போன வாரம் தென்காசிக்கு வண்டி கட்டி வந்து என்னிடமே பக்குவம் கேட்டாள். எல்லாம் சொன்னேன். இலையில் வைக்கும்போதுதான் பழம் போட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இன்றைக்கு அந்த விருந்துக்கு நானும் மருமகளும் போயிருந்தோம். விடியலிலேயே பழத்தை நிரப்பி அடுக்கிவிட்டாள். மத்தியானம் கிண்ணமெல்லாம் இளகி, தாசில்தார் வேட்டியில் பாகு ஒழுகிற்று.

"நீங்க சொல்லித் தந்தபடிதானே மதினி செஞ்சேன்!" என்று கத்தினாள்.

பந்தி முழுக்கக் கேட்டது. அவள் வாயால் அதைச் சொல்லவைக்கத்தானே போனேன்.

"பழத்தைக் கடைசியாப் போடணும்னு சொல்ல மறந்துட்டேன் போல மதினி, வயசாயிட்டுல்லா" என்றேன்.

வண்டியில் திரும்பும்போது மருமகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் போகட்டும். காதுகுத்தன்று அவளும்தான் உண்மை தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தாள்.