திறக்காத டப்பாக் கறி

அப்பா,

டப்பா உப்பியிருக்கிறது. இன்று காலை உங்கள் பட்டாளத்துப் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசத்தோடு முதலில் கண்ணில் பட்டது அதுதான். நீங்கள் கடைசியாகக் கொண்டுவந்த ஆட்டுக்கறி டப்பா. பச்சைச் சாயம் அங்கங்கே உதிர்ந்து, தட்டையாக இருந்த மூடி, பால் குடித்த பிள்ளையின் வயிறுபோல எழும்பியிருந்தது.

அம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "உங்கப்பா மூச்சு விடுறாக பாரு" என்றாள்.

இன்று உங்களுக்கு வருடப் படையல். ஒவ்வொரு வருடமும் இலையில் கறிக்குழம்பும் அவித்த முட்டையும் வைத்து, பக்கத்தில் அந்த டப்பாவையும் திறக்காமலே வைப்பாள். கும்பிட்டு முடிந்ததும் முந்தானையால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். எனக்கு அதில் விசித்திரமாக எதுவும் தோன்றியதில்லை. நம் வீட்டில் நீங்கள் பாதி நாள் அப்படித்தானே இருந்தீர்கள், மூடிய பொருளாக, தொலைவில்.

ஒரு விடுமுறையில், மேகம் மலையை விட்டிறங்கி கெங்குவார்பட்டித் தோப்புகளுக்குள் நடமாடிய சாயங்காலம். கொல்லையில் உட்கார்ந்து எனக்காக ஒரு டப்பாவைத் திறந்தீர்கள். கட்டைவிரல் அளவுத் தகரத் திறப்பான் விளிம்பைக் கடித்துக் கடித்து ஊர்ந்தது. வெள்ளைக் கொழுப்பு உறைந்திருந்தது. "அங்கன பனிமலையில இது கல்லா இருக்கும் தாயி. கம்பளிக்கோட்டுக்குள்ள அக்குள்ல வச்சு எளக்கணும்" என்றீர்கள். மேகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தின் பசிக்காகத்தான் முதலில் இந்த யோசனை பிறந்ததாம். கண்ணாடிச் சீசாவில் தொடங்கி, இங்கிலாந்தில் தகரத்துக்கு மாறியதாம். சண்டை போன வழியெல்லாம் டப்பாவும் போய், ஏதோ தூரத்துத் தீவுகளில் இன்று அது விருந்துச் சாப்பாடாம்.

"ஆனா ஒண்ணு. அடைக்கத் தெரிஞ்சவனுக்குத் தெறக்க ஒரு கருவி செய்யத் தோணல. அது வர ரொம்ப காலம் ஆச்சு. அதுவரைக்கும் உளியும் சுத்தியலும்தான்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "நீயும் அப்படித்தான். உன் வாயத் தெறக்குற கருவி இன்னும் வரல."

அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "உப்புக்கண்டம்னா காத்துப் படும், வெயில் படும். இது என்னைக்குச் செத்த ஆடோ, இருட்டுலயே கெடக்குது" என்றாள்.

"ஒரு வாய் தின்னு பாரேன்."

"அடுத்த லீவுக்குப் பாப்போம்."

ஒவ்வொரு விடுமுறையிலும் இதே பேச்சு. ஓய்வு பெற்று வந்தபோது இந்த டப்பாவை அவள் கையில் கொடுத்து, "இது உனக்குன்னே. இனி லீவு கெடையாது, ஏமாத்த முடியாது" என்றீர்கள். மாந்தோப்புக்கு வேலி போட்டு முடிப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

அதனால்தான் இன்று அம்மா பிடிவாதமாக நின்றாள். "இத்தன வருசம் சும்மா இருந்தாக. இப்பத் தெறன்னு சொல்றாக. இன்னைக்கு ஒரு வாய் தின்னுட்டுத்தான் எனக்கு மறுவேல."

சித்தப்பா அரிவாளோடு வந்தார். "பட்டாளத்த விட்டு வந்தும் அண்ணன் இந்த டப்பாவ விடமாட்டேங்குறாகளே மதினி! திறப்பான் எதுக்கு, அரிவா மூக்கு போதும்."

நான் மாம்பழக்கூழ் ஆலையில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியாது. உப்பிய டப்பா வந்தால் யாரும் திறக்காமல் தனியே ஒதுக்குவது எங்கள் அன்றாட வேலை. ஆனால் அங்கே நான் சீட்டு ஒட்டினால் போதும், பேச வேண்டியதில்லை. இங்கே அம்மா ஏற்கெனவே வாணலியைக் காயவைத்து, வெங்காயம் உரித்து வைத்திருந்தாள். அவள் முகத்தில், புருசனுக்கு முதல்முறை சோறு போடப் போகும் புதுப்பெண்ணின் வெட்கம். அதைப் பார்த்துத்தான் எனக்கு நா எழவில்லை.

அரிவாள் நுனி தகரத்தில் பட்டது.

"தொறக்காதீங்க சித்தப்பா!"

என் குரல்தான். தெருவில் போனவர்கள்கூட நின்றார்கள்.

"அடி ஆத்தா, இம்புட்டுச் சத்தம் ஒனக்குள்ளயா இருந்துச்சு?" என்று சித்தப்பா அரிவாளைக் கீழே வைத்தார்.

"உள்ள கெட்டுப்போச்சும்மா. கிருமி வளந்து, அந்தக் காத்துதான் தகரத்தத் தள்ளுது. அப்பா மூச்சு இல்லம்மா. ஒரு வாய் தின்னாலும் உசுருக்கு ஆபத்து."

அம்மா அடுப்பை அணைத்தாள். உரித்து வைத்த வெங்காயத்தை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "கெட்டுப்போனதையா அவுகளுக்கு வச்சுக்கிட்டு இருந்தேன்?" என்றாள்.

"இல்லம்மா. மூடி தட்டையா இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

மாந்தோப்பில், நீங்கள் விட்ட வேலியின் மூலையில், சித்தப்பா ஆழமாகக் குழி வெட்டினார். அம்மா டப்பாவை உங்கள் கம்பளி மப்ளரில் சுற்றிக் கொண்டுவந்தாள். மண் மூடும்போது மலையில் மேகம் நின்றிருந்தது, இறங்கலாமா என்று யோசிப்பதுபோல.

திரும்பி வரும்போது கேட்டாள். "நீதான் தின்னுருக்கியே. எப்படி இருக்கும்?"

கேட்டதற்குத் தலையாட்டுவதோடு நிறுத்துகிற நான், தோப்பு முழுக்கப் பேசிக்கொண்டே வந்தேன். முதலில் உப்புத்தான் தெரியும். கறி பஞ்சுபோல நார் நாராக உதிரும், மெல்லவே வேண்டாம். வெறுமனே தின்றால் தகர வாசம் வரும், அதனால் அப்பா சின்ன வெங்காயம் வதக்கி, பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொட்டுவார். பனிமலை வரைக்கும் போய்த் திரும்பிய பொட்டலம்.

"என்ன பொட்டலம்?"

"நீ இடிச்சுக் குடுத்துவிட்ட மொளகாப்பொடி. கடைசியில அந்த ருசிதாம்மா நாக்குல நிக்கும்."

அம்மா நடப்பதை நிறுத்தினாள். "என் பொடியா?" என்றாள். வாய்க்குள் எதையோ வைத்திருப்பவள்போலக் கொஞ்ச நேரம் உதடுகளை மூடிக்கொண்டு நின்றாள். அப்புறம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

உங்கள் திறப்பானை நான் எடுத்துக்கொண்டேன், அப்பா. சாவிக்கொத்தில் தொங்குகிறது. நாளை ஆலையில் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால், விரல் முதலில் அதைத் தொடும்.