தூக்கம் வராத மாத்திரை

ஏங்க, லாரிச் சாவியைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது.

உங்கள் அரிப்பு மாத்திரை அட்டையில் காலையிலிருந்து மூன்று குறைகிறது! தூக்கம் வராத மாத்திரை என்று டாக்டர் சொன்னதும், ஹார்பரில் ரெண்டாவது ஷிப்ட்டும் ஓட்டக் கண்விழிக்கத்தானே விழுங்கினீர்கள்? மருந்துக்கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "ஏளா ஜெப்ஸி, அது தூக்கத்த வெரட்டாதுளா! பழைய மாத்திரை அளவுக்குத் தூக்கத்த இழுக்காது, அம்புட்டுதான். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் போடணும். கூடிப்போனா கண்ணு சொருகிரும், வண்டிய எடுக்க விட்றாத!" என்று கத்தினார்.

உங்கள் போன் இங்கேயே கிடந்து அலறுகிறது. டீக்கடை டீக்கடையாகத் தேடப் போகிறேன். அதற்குள் வந்துவிட்டால் வீட்டிலேயே இருங்கள், டாக்டரிடம் போவோம். மூன்று போட்டதை அவரிடம் மறைக்காதீர்கள். இன்னொன்று போட்டுவிடவும் வேண்டாம். ரசஞ்சோறு மூடி வைத்திருக்கிறேன். இறாலைத் தொடாதீர்கள், உடம்பு அரித்துத் தடித்ததே அதனால்தான்.

ஜெப்ஸி

உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ எனக்காகக் காத்திருக்காதீர்கள். பக்கத்து வீட்டு ஜெயபாய் அக்காவை உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

காலைச் சண்டையில் "எங்கயாவது போய்த் தொலைங்க" என்றேனே, அது வாய் சொன்னது. போயிராதீங்க.